சோசியல் டயலாக்: பங்காளிகள் பேசிக்கொள்வதா?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டைப் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். ஐரோப்பியத் தொழிலாளர் சட்டங்களைப் பற்றியது. இரண்டாம் பக்கத்திலேயே "சமூகப் பங்காளிகள் சமூக உரையாடலில் ஈடுபட்டனர்" என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். "ஏதோ சாதிச் சங்கக் கூட்டம், சொத்துத் தகராறு போல" என்றார். அவர்மேல் தப்பில்லை. நம்மூரில் 'எங்க சமூகம்' என்றால் சாதி. பங்காளி என்றால் பாகப்பிரிவினையில் எதிர்ப்பக்கம் நிற்பவர்.

மூலத்தில் இருந்தவை 'சோசியல் பார்ட்னர்ஸ்', 'சோசியல் டயலாக்'. டயலாக் கிரேக்கச் சொல். 'டியா' என்றால் ஊடாக, 'லோகோஸ்' என்றால் பேச்சு. 'டியா'வை இரண்டு என்று நினைத்து 'இருவர் பேச்சு' என்பார்கள். தவறு, எத்தனை பேரும் பேசலாம். சோசியலுக்கு மூலம் லத்தீன் 'சோசியஸ்', அதாவது கூட்டாளி. (பங்காளி என்று எழுதியவர் அந்த வழியாக வந்திருந்தால் மன்னித்துவிடலாம். வந்திருக்க மாட்டார்.)

வம்பெல்லாம் சோசியலில்தான். பிரெஞ்சில் இந்த அடைமொழி வேலை, கூலி, வேலைநிறுத்தம் என்று எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சு நாளிதழில் 'ப்ளான் சோசியால்' என்று வந்தால் ஒரு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடக்கப்போகிறது என்று பொருள். நம்மவர் 'சமூகத் திட்டம்' என்று எழுதுவார். வாசகர் இலவச வேட்டி சேலை என்று நினைப்பார். 'டயலாக் சோசியால்' என்பதும் இதே குடும்பம்தான். முதலாளிகள் தரப்பும் தொழிற்சங்கங்களும் (கையேட்டின் 'பங்காளிகள்' இவர்கள்தான்), சில சமயம் அரசும் சேர்ந்து, வேலை நிலைமைகளைப் பற்றிப் பேசுவது. சமூகத்தில் உள்ள எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவது அல்ல.

அடுத்து 'உரையாடல்'. இது டீக்கடையில் நடப்பது. முடிவில் ஒன்றும் கையில் மிஞ்சாது. ஐரோப்பாவில் மிஞ்சுகிறது. 1985 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரான ஜாக் டெலோர், அதே மாதம் 31ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் அருகே வால் துஷெஸ் மாளிகையில் இரு தரப்புத் தலைவர்களையும் உட்கார வைத்தார். அங்கே தொடங்கிய பேச்சு வளர்ந்து, பத்தாண்டு கழித்து, 1995 டிசம்பரில் பெற்றோர் விடுப்பு ஒப்பந்தமாக முடிந்தது. அம்மாவோ அப்பாவோ, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று மாதம் என்று அதில் இருந்தது. 1996இல் அதுவே ஐரோப்பியச் சட்ட ஆணையாகவும் ஆயிற்று. இதை உரையாடல் என்பது, கல்யாணப் பேச்சை அரட்டை என்பது மாதிரி.

சரி, மாற்றுச் சொல்? 'முத்தரப்புப் பேச்சுவார்த்தை' என்று ஒரு கட்சி அடித்துச் சொல்கிறது. பழகிய சொல், தொழிற்சங்கக்காரர் வாயில் நாள்தோறும் புழங்குவது, காதுக்கும் உறுத்தாது. ஆனால் இரண்டு கோளாறு. ஒன்று, மேலே சொன்ன பெற்றோர் விடுப்பைப் பேசி முடித்தவை இரண்டே தரப்புகள். அரசுகள் அந்த மேசையில் இல்லை. மூன்று தரப்பும் கூடும் மாநாடு ஐரோப்பாவில் தனியாகவே இருக்கிறது, அதற்கு வேண்டுமானால் இந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு, பேச்சுவார்த்தை என்றதும் நமக்கு வேலைநிறுத்த நோட்டீஸ், நள்ளிரவு வரை இழுபறி, 'மீண்டும் தோல்வி' என்ற தலைப்புச் செய்திதான் நினைவுக்கு வரும். சோசியல் டயலாக்கில் பேரமும் உண்டு, ஆலோசனையும் உண்டு, வெறுமனே தகவல் சொல்லிக்கொள்வதும் அதில் அடங்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறையும் இம்மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. சண்டை வந்த பிறகு கூடுவதற்கு மட்டும் பொருந்தும் சொல்லை, சண்டை வராமல் இருக்கக் கூடுவதற்கும் எப்படி வைப்பது?

தனித்தமிழ் அன்பர்கள் 'குமுகாய உரையாடல்' என்கிறார்கள். வடசொல்லை எடுத்துவிட்டார்கள், தவறை விட்டுவிட்டார்கள்.

என் கணக்கில் 'தொழில்தரப்புக் கலந்துபேச்சு'. தொழிலாளி, தொழிலதிபர் இரண்டு பெயரிலும் தொழில் இருக்கிறது; பங்காளிகளுக்குத் 'தொழில் தரப்புகள்' என்றால் போதும். 'கலந்து பேசுவது' நம் வீடுகளில் அன்றாடம் புழங்குவதுதான், தகவல் முதல் பேரம் வரை எல்லாம் அதில் அடங்கும். அரசு ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர்களைத் தொழிலாளி என்றால் நம்மூரில் கோபித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஓரத்தில் விரிவாக எழுதிக் கையேட்டைத் திருப்பி அனுப்பினேன். அச்சான படி நேற்று வந்தது. 'சமூக உரையாடல்' எங்கும் இல்லை. 'சமுதாய உரையாடல்' என்று மாற்றியிருந்தார்கள்.