எந்த மலத்தை லேபுக்கு அனுப்பக் கூடாது?

நிமோனியாவுக்காகப் படுத்திருக்கும் எழுபது வயதுக்காரர். ஐந்தாம் நாள் பேதி தொடங்குகிறது. ரவுண்ட்ஸில் ஒரு வரி எழுதப்படுகிறது: "ஸ்டூல் ரொட்டீன், கல்சர், சி.டிஃப் மூணும் அனுப்பிடுங்க." இந்த மூன்றில் முதல் இரண்டும் (மலத்தை நுண்நோக்கியில் பார்ப்பதும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சரும்) இந்த நோயாளிக்குப் பெரும்பாலும் வீண். மூன்றாவது, ஆன்டிபயாட்டிக்கை அடுத்து வரும் ஒரு குடல் நோயைத் தேடுவது. சரியான ஆளுக்குப் போனால் உயிரைக் காக்கும். தவறான ஆளுக்குப் போனால் இல்லாத நோய்க்குப் பத்து நாள் மருந்து கொடுக்க வைக்கும்.

கல்சர் ஏன் வீண்? சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்றவை சாப்பாட்டிலோ தண்ணீரிலோ வருபவை. உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து மூன்று நான்கு நாளுக்குள் பெரும்பாலும் வேலையைக் காட்டிவிடும். எனவே அட்மிஷனாகி 3 நாள் கடந்த பிறகு புதிதாகத் தொடங்கும் பேதியில் இவை அகப்படுவது அபூர்வம். பல லேப்களில் இதையே விதியாக வைத்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும் மலக் கல்சரைத் திருப்பி அனுப்புகிறார்கள். விதிவிலக்கு உண்டு: எச்.ஐ.வி. உள்ளவர், வெள்ளணு வெகுவாகக் குறைந்தவர், பல நோய்களோடு இருக்கும் முதியவர், ஒரே வார்டில் நாலைந்து பேருக்கு ஒன்றாகப் பேதி கண்டால் எல்லோரும். அதே சமயம், பேதியோடேயே அட்மிட்டாகும் நோயாளிக்குக் கல்சர் தேவைப்படலாம். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால் "காலரா சந்தேகம்" என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் டி.சி.பி.எஸ். (காலராக் கிருமியை வளர்க்கும் ஊடகம்) தட்டில் போட வேண்டும் என்று லேபுக்கு எப்படித் தெரியும்?

இனி சி.டிஃப். முழுப்பெயர் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். ஆன்டிபயாட்டிக் குடலின் வழக்கமான கிருமிக் கூட்டத்தை அழித்துவிட, அந்தக் காலியிடத்தில் இது பெருகி ஏ, பி என்ற இரு நச்சுகளை விடுகிறது. பெருங்குடலின் உள்சுவர் வெந்துபோவது அந்த நச்சால்தான். கிருமி இருப்பது மட்டுமே நோய் ஆகாது. இந்தக் கிருமியை 1935-ல் ஹால், ஓடூல் இருவரும் முதலில் கண்டது ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் மலத்தில். வளர்ப்பது சிரமமாக இருந்ததால்தான் "கடினமானது" என்ற பொருளில் அந்தப் பெயர் வைத்தார்கள். ஆன்டிபயாட்டிக்கை அடுத்து வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று தெரிய 1978 வரை ஆயிற்று. நோயே இல்லாத குடலில் முதலில் கண்ட கிருமி என்பது நினைவிலிருந்தால் கீழே வரும் குழப்பம் பாதி தீரும்.

படுக்கையருகே செய்யும் டெஸ்ட்

முதலில் எண்ண வேண்டும். 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல், உருவமில்லாத மலம், புதிதாகத் தொடங்கியது: இதுதான் தகுதி. "ரெண்டு நாளா லூசா போகுது" என்று உடனிருப்பவர் சொல்வது தகவல்தான், எண்ணிக்கை அல்ல. இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் ஒவ்வொரு முறையும் நேரமும் தன்மையும் எழுதும் நர்ஸ்தான் இந்த நோயறிதலின் முதல் ஆள்.

அடுத்து மருந்துச் சார்ட். லாக்டுலோஸ், பிசகோடில், கொலோனோஸ்கோபிக்குக் குடிக்கக் கொடுத்த பாலிஎத்திலீன் கிளைகால் ஆகியவற்றில் எதுவும் கடந்த 48 மணி நேரத்தில் போயிருந்தால் டெஸ்ட்டைத் தள்ளிவையுங்கள், அந்த மருந்தை நிறுத்திப் பாருங்கள். கல்லீரல் நோயாளிக்குப் பேதியாக வேண்டும் என்றே லாக்டுலோஸ் கொடுத்துவிட்டு, பேதியாகிறது என்று மலத்தை லேபுக்கு அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. மெட்ஃபார்மின், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட், பொட்டாசியம் குளோரைடு சிரப், இவையும் மலத்தை இளக்கும். மூக்குக்குழாயில் உணவு போகிறவர்களுக்கு இன்னொரு ஒளிந்த காரணம் உண்டு. குழாய் வழியே கொடுக்க வசதியாகச் சிரப்பாக மாற்றிய மருந்துகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும்.

மூன்றாவது, ஆன்டிபயாட்டிக் வரலாறு. நடப்பு அட்மிஷனோடு நிறுத்தாமல் கடந்த மூன்று மாதம் வரை கேளுங்கள். கிளிண்டமைசின், செஃப்ட்ரியாக்சோன் வகையறா, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், மீரோபெனம் ஆகியவற்றில் ஆபத்து கூடுதல். அறுவை சிகிச்சைக்கு முன் போட்ட ஒரே டோஸும் கணக்கில் சேரும். பாண்டோபிரசோல் போன்ற அமில அடக்கிகளுக்கும் இந்நோயோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் நம் வார்டுகளில் அது போகாத நோயாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அதை வைத்து ஆள் பிரிக்க முடியாது.

ஒன்று மட்டும் எதிர்த்திசையில். பேதியே இல்லாமலும் இந்த நோய் இருக்கும். நேற்றுவரை எட்டு முறை போனவருக்கு இன்று நின்றுவிட்டது, வயிறு உப்பியிருக்கிறது, வெள்ளணு 25,000 என்றால் அது குணமாவதன் அடையாளம் அல்ல. குடல் அசைவு நின்று, பெருங்குடல் வீங்குகிறது. அங்கே உருவமில்லாத மலத்துக்குக் காத்திருக்கக் கூடாது. சி.டி. ஸ்கேனும் அறுவை மருத்துவரும் அன்றே வேண்டும். லேபிடம் பேசிவிட்டு, ஆசனவாய் ஸ்வாபில் பி.சி.ஆர். (கிருமியின் ஜீனைத் தேடும் டெஸ்ட்) செய்யலாம். பேதியை அடக்க லோபெரமைடு கொடுக்கத் தயங்கச் சொல்வதும் இந்தப் பயத்தால்தான்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். நோயில்லாமலே கிருமியும் நச்சும் சேர்ந்து இருக்கும் வயது அது.

டப்பாவும் நேரமும்

வெறும் டப்பா, உலர்ந்தது, கசியாதது, ஃபார்மலின் போன்ற எதுவும் ஊற்றாதது. 5 மில்லி இருந்தால் போதும். கேரி-பிளேர் குப்பி (கிருமி சாகாமல் கொண்டுபோகும் ஊடகம் உள்ளது) கல்சருக்கானது. டாக்சின் (நச்சு) டெஸ்ட்டுக்கு அதையே அனுப்பினால் மலம் நீர்த்துப்போகும். டயப்பர் உறிஞ்சியதிலிருந்து சுரண்டி எடுத்ததும், சிறுநீர் கலந்ததும் உதவாது.

டப்பாவைச் சாய்த்தால் மலம் டப்பாவின் வடிவத்துக்கு வழிய வேண்டும். சந்தேகமிருந்தால் லேபில் ஒரு மரக்குச்சியைச் செருகிப் பார்ப்பார்கள். குச்சி நிமிர்ந்து நின்றால் நிராகரிப்பு. இதற்காக லேப் டெக்னீஷியனோடு சண்டைக்குப் போகிறவர்கள், அவர் காப்பாற்றுவது நோயாளியை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது வழியில்தான். நச்சு ஒரு புரதம், அறை வெப்பத்தில் சிதையும். எடுத்து 2 மணி நேரத்தில் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரியில் ஃப்ரிட்ஜில். இரவு பத்து மணிக்கு எடுத்து, நர்சிங் ஸ்டேஷன் மேசையிலேயே கிடந்து, காலை எட்டு மணிக்கு ஆள் வந்து எடுத்துப் போன டப்பாவில் "டாக்சின் நெகட்டிவ்" வந்தால், நம் ஊர் வெயிலில் அதற்கு அர்த்தமே இல்லை. உறைய வைத்து உருக்குவதும் நச்சைக் கெடுக்கும். இன்னொன்று: சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் வாங்கோமைசின் (இந்த நோய்க்கான மருந்து) போன பிறகு எடுத்த மலம் யாரையும் தெளிவுபடுத்தாது.

மூன்று டெஸ்ட், மூன்று கேள்வி

ஜி.டி.ஹெச். என்பது எல்லா சி.டிஃப் கிருமியும் உண்டாக்கும் ஒரு நொதி. அது கேட்பது, "கிருமி இருக்கிறதா?" நச்சு விடாத சாது வகைகளிலும் இது பாசிட்டிவ் காட்டும். டாக்சின் டெஸ்ட் கேட்பது, "நச்சு இப்போது மலத்தில் இருக்கிறதா?" நோய்க்கு நெருக்கமான கேள்வி இதுதான், ஆனால் குறைந்த அளவை விட்டுவிடும். பி.சி.ஆர். கேட்பது, "நச்சு செய்யும் ஜீன் இருக்கிறதா?" மிக நுட்பமானது. செத்த கிருமியின் ஜீனையும் சும்மா தங்கியிருக்கும் கிருமியின் ஜீனையும் அதே உற்சாகத்தோடு சொல்லிவிடும்.

ஜி.டி.ஹெச்.சும் டாக்சினும் ஒரே கேசட்டில், அரை மணி நேர வேலையாகக் கிடைக்கின்றன. இரண்டும் நெகட்டிவ் என்றால் அநேகமாக இந்த நோய் இல்லை, வேறு காரணம் தேடுங்கள். இரண்டும் பாசிட்டிவ், அறிகுறியும் பொருந்துகிறது என்றால் நோய்தான். ஜி.டி.ஹெச். மட்டும் பாசிட்டிவ் என்றால் பி.சி.ஆர். போகலாம். அது நெகட்டிவ் என்றால் சாது வகை. பாசிட்டிவ் என்றால்தான் தலைவலி: சும்மா தங்கியிருக்கும் கிருமியாகவும் இருக்கலாம், நச்சு அளவு குறைவாக இருக்கும் உண்மையான நோயாகவும் இருக்கலாம். காய்ச்சல், வயிற்று வலி, ஏறும் வெள்ளணு, வேறு காரணம் இல்லாமை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். டாக்சின் மட்டும் பாசிட்டிவ், ஜி.டி.ஹெச். நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பாமல் திரும்பச் செய்யுங்கள். கிட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டார்களா என்பதையும் கேளுங்கள்.

ஏன் பி.சி.ஆரை மட்டும் நம்பக் கூடாது? ஒரு மனக்கணக்கு போதும். மருந்தால் மலம் இளகிய நூறு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் எட்டுப் பேரின் குடலில் கிருமி சும்மா இருக்கிறது என்று வைப்போம். நூறு பேருக்கும் பி.சி.ஆர். செய்தால் எட்டு பாசிட்டிவ் வரும், எட்டும் ஆய்வக ரீதியாக மிகச் சரி, எட்டுப் பேருக்கும் நோய் இல்லை. டெஸ்ட் எவ்வளவு உயர்ந்தது என்பது இந்தத் தவறைத் திருத்தாது. ஒரே டப்பாவில் 20-க்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும் பேனல்களில் இந்தச் சிக்கல் பன்மடங்கு. யாரும் கேட்காத சி.டிஃப் முடிவு தானாக ரிப்போர்ட்டில் வந்து உட்காரும்.

முடிவு நெகட்டிவ் என்று வந்தால் ஏழு நாளுக்குள் மறுபடி அனுப்பாதீர்கள். நோய்நிலை மாறியிருந்தால் மட்டும் விலக்கு. குணமான பிறகு "சரியாயிடுச்சான்னு பார்க்க" அனுப்புவதும் கூடாது. பேதி நின்று பல வாரங்களுக்குப் பிறகும் கிருமி மலத்தில் தென்படும். அந்தக் காகிதத்தைக் காட்டி முதியோர் இல்லம் ஆளைச் சேர்க்க மறுப்பதுதான் மிச்சம்.

பாசிட்டிவ் ஆனவரிடம் வெள்ளணுவும் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) பாருங்கள். வெள்ளணு 15,000 அல்லது அதற்கு மேல், அல்லது கிரியேட்டினின் 1.5-க்கு மேல் என்றால் தீவிர வகை. வாங்கோமைசின் வாய் வழியே 125 மி.கி., நாளைக்கு நான்கு வேளை, 10 நாள். நரம்பில் ஏற்றினால் பெருங்குடலுக்குள் சேராது. வழக்கமாக வாங்கோமைசின் என்றாலே ஊசி என்று கை போவதால் இந்தத் தவறு நடக்கிறது. 500 மி.கி. ஊசிக் குப்பியைக் கரைத்து நான்கு வேளையாகக் குடிக்கக் கொடுப்பது பழகிய வழி. நோயைத் தூண்டிய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த முடியுமானால் அதையும் நிறுத்த வேண்டும்.

தனிமைப்படுத்துவதை ரிப்போர்ட் வரும்வரை ஒத்திவைக்கக் கூடாது. டெஸ்ட் எழுதிய நிமிடத்திலேயே கையுறை, கவுன், தனிக் கழிப்பறை. இந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் ஹேண்ட்ரப் கொல்லாது. கட்டிலின் காலில் தொங்கும் பாட்டிலை அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர் வித்துகளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார். சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பெட்பேன் எடுக்கும் உதவியாளருக்கும் துணைக்கிருக்கும் மகளுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டில் கம்பிக்கும் கழிப்பறைக்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றன்று கலக்கியது, பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும்.

குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எட்டு வாரத்துக்குள் திரும்ப வரும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு வயிறு கொஞ்ச நாள் இளக்கமாகவே இருப்பதும் சகஜம். திரும்ப வந்தவருக்கு டாக்சின் டெஸ்ட்டைத்தான் முதலில் பாருங்கள். பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவ், நாளைக்கு இரண்டு முறைதான் போகிறது, காய்ச்சல் இல்லை என்றால் போன மாதத்துக் கிருமியின் மிச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம்.