போனில் பார்த்த மஞ்சள் உங்கள் சுவரில் வராது

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால், பெயிண்டரை ஹாலில் நிற்க வைத்து ஏசிக்கொண்டிருக்கிறார்கள். “காட்டினது ஒரு மஞ்சள், அடிச்சது வேற மஞ்சள்” என்பது புகார். டப்பா மூடியில் இருந்த ஷேட் எண்ணும் அவர்கள் கடையில் எழுதிக் கொடுத்த எண்ணும் ஒன்றுதான். ஆனாலும் சுவர் பச்சை பாய்ந்துதான் தெரிந்தது. மேலே 6500 கெல்வின், அதாவது நீலம் தூக்கலான வெள்ளை டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இதே சண்டையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பெயிண்டர் மேல் தப்பே இல்லை. தயவுசெய்து இதற்காக அவர் கூலியில் கை வைக்காதீர்கள்.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவரை எடுத்த படத்தைக் காட்டி “இதே கலர் ஹாலுக்கு வேணும்” என்று கேட்காத ஆளே இப்போது இல்லை. அது வெளிச்சுவர். உச்சி வெயிலில் அதன் மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ராத்திரி உங்கள் ஹாலில் 200 லக்ஸ் இருந்தாலே பெரிது. வெயிலில் பளீரென்று நிற்கும் மஞ்சள், அந்த வெளிச்சத்தில் கடுகு அரைத்துப் பூசினது மாதிரி கனத்துப் போகும். அந்த வீதியில் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே வெள்ளைக் கரை இருக்கிறது, மேலே திறந்த வானம் இருக்கிறது. போன் கேமரா வேறு தன் பங்குக்கு நிறத்தைத் தூக்கிக் காட்டும். அறைக்குள் என்ன நடக்கிறது? நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்றின் மேல் வீசுகின்றன. கார்டில் விரல் அகலத்தில் பார்த்ததைவிடச் சுவரில் ஒரு படி அடர்த்தியாகத்தான் தெரியும். அதனால்தான் பிடித்த ஷேடைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதாக எடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

விளக்கு விஷயமும் அப்படித்தான். காவி, செங்கல், மஞ்சள் மாதிரி மண் நிறங்கள் சிவப்பையும் மஞ்சளையும் திருப்பித் தருபவை. நீலம் தூக்கலான விளக்கைப் போட்டால் அவற்றுக்குத் திருப்பித் தரக் கொஞ்சம்தான் கிடைக்கும். மஞ்சள் பச்சை பாயும், செங்கல் நிறம் சாம்பல் பூத்துவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு வாங்குங்கள், பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 90 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா பாருங்கள். பெயிண்டுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு பல்பில் மிச்சம் பிடிப்பது என்ன நியாயம்?

“மண் கலர் இப்போ ஃபேஷன், நாலு வருஷத்தில் போயிடும்” என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை, கோலத்துக்குச் செம்மண் கரை, பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரை: இவையெல்லாம் எந்த ஃபேஷனில் வந்தன? காவியின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அது அசையாது. ரசாயனச் சிவப்பு, மஞ்சள் சாயங்களில் பல வெயில் பட்டால் வெளுத்துவிடும். நிறம் பிடிபடவில்லையென்றால் வில்லியனூர் சுடுமண் பொம்மை ஒன்றையோ கடலூர் கேப்பர் மலைச் செம்மண் ஒரு பிடியையோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போன் படத்தைவிட அது நம்பகம்.

சரி, எவ்வளவு அடர்த்தி? ஷேட் கார்டில் பல கம்பெனிகள் எல்ஆர்வி என்று ஒரு எண் போடுகின்றன. சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. நல்ல வெள்ளைக்கு 80-க்கு மேல் இருக்கும். சுட்ட செங்கல் நிறம் 20, 30 பக்கம் நிற்கும். ஒரே ஜன்னல் உள்ள ஹாலுக்கு மூன்று சுவரில் 50-க்குக் குறையாத மணல் நிறம், ஒரு சுவரில் மட்டும் அடர் காவி என்பது என் வழக்கம்.

மாதிரி அடிக்காமல் ஆர்டர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட். ஜன்னல் இருக்கும் சுவரில் ஒன்று, அதற்கு எதிர்ச்சுவரில் ஒன்று. நன்றாகக் காய்ந்த பிறகு காலை, மத்தியானம், ராத்திரி விளக்கு போட்டு மூன்று வேளையும் பாருங்கள். தரை டைல்ஸ் நீலம் பாய்ந்த வெள்ளையாக இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் சண்டை போடும்.

அப்புறம் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். வைத்திகுப்பம், கடலூர் முதுநகர் மாதிரி கடலோர வீடுகளில் சுவர் உப்பு பூக்கும். வெள்ளைச் சுவரில் அது கண்ணில் படாது. செங்காவியில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். நீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் மேலே பட்டி (வால் புட்டி) வைத்தால் ஒரே மழையில் உரிந்துவிடும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரை எமல்ஷன் பெயிண்டால் மூடவே வேண்டாம்; ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் விடும். சுண்ணாம்பில் காவி கலந்து அடிக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். புதுப் பூச்சுக்கு 28 நாளாவது கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூரிகையைத் தொட வேண்டாம்.

கடைசியாக, ஷேட் எண், கம்பெனி பெயர், ஃபினிஷ் (மேட்டா, பளபளப்பா) மூன்றையும் பீரோ கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அரை லிட்டர் மிச்சம் வைத்து மூடியை இறுக்கி எடுத்து வையுங்கள். ஆணி அடித்த ஓட்டையை அடைக்க அதுதான் வேண்டும்.