காரின் வாட்டர் பம்பை மாற்றிவிட்டுப் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள்

போன வாரம் பர்லியாறிலிருந்து ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கோவையிலிருந்து ஊட்டிக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. இரண்டு குழந்தைகளும் பாட்டியும் சாலையோரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என் பட்டறையில் பிரித்துப் பார்த்தால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட்டும் வளைந்திருந்தது.

"எஞ்சினில் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பு மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை அண்ணா. நானேதான் மாற்றினேன். ஒரே வருடத்தில் இது இரண்டாவது பம்பு. இப்போது வருகிற பம்பு எதுவுமே சரியில்லை" என்றார் வண்டிக்காரர்.

அவர் மோட்டார் பம்பு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். பம்பைப் பொருத்தியிருந்த விதத்தில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ரேடியேட்டர் மூடியைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. வாயைச் சுற்றி வெள்ளை உப்பு, உள்ளே செங்காவி நிறத்தில் தண்ணீர். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "போர்வெல் தண்ணீர்தான். நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலண்ட் ஊற்ற?"

இந்தக் கோடையில் மட்டும் இதே பதிலை நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூலண்ட் என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. குளிரவைப்பதற்கென்று ஊற்றுவது, வெயில் ஊரில் தண்ணீரே போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவதில் தண்ணீர்தான் கெட்டி. கூலண்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற திரவம் அந்த வேலையில் தண்ணீரைவிடச் சற்று மட்டம்தான். அதைச் சேர்ப்பது வேறு காரணங்களுக்காக. தண்ணீர் உறையாமல் காப்பது அவற்றுள் ஒன்று. அது நமக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். மற்றவை எல்லாமே நமக்கு வேண்டும்.

முதலாவது, கொதிநிலை. நல்ல ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் அது 130 டிகிரியை நெருங்கும். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் அழுத்தமே நிற்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் வெப்பமே 90 டிகிரியை ஒட்டியது. பழைய மூடி, வெறும் தண்ணீர், முழுச் சுமை, மலையேற்றம். இதில் பம்பு என்ன தவறு செய்தது?

இரண்டாவது, பம்பின் உயிர். சீலின் இரண்டு முகங்களும் மெல்லிய திரவப் படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. சூடான அந்த முகத்தில் போர்வெல் தண்ணீர் ஆவியானால் அதிலிருக்கும் உப்பு அங்கேயே தங்கும். முகத்தைத் தேய்க்கும் உப்புத்தாள்போல் அது வேலை செய்யும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் இம்பெல்லரின் மேல் குமிழிகள் உடைந்து உலோகத்தையே குழி குழியாக அரிக்கும். பம்பு செய்கிறவர்கள் தினமும் பேசும் கேவிட்டேஷன்தான் அது. அந்த வண்டிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"அப்பா அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீர்தானே ஊற்றினார்" என்பார்கள். ஊற்றினார். அம்பாசிடரில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். டிக்கியில் ஒரு டின் தண்ணீர் எப்போதும் இருக்கும். அப்போதும் துருப்பிடித்தது, அடைத்தது. ரேடியேட்டரை இறக்கிக் குத்திச் சுத்தம் செய்வதே என் குருநாதரின் பட்டறையில் பாதி வேலை. இன்று ஹெட், ரேடியேட்டர், பல வண்டிகளில் பிளாக்கும் அலுமினியம். தண்ணீர் ஓடும் வழிகள் எல்லாம் குறுகலானவை. அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலண்ட்டில்தான் இருக்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரம் கடினத்தன்மைக்கு, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லையென்றால் 600 வரை. நம் போர்வெல்கள் பல அதையும் தாண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் அதில் துரு தடுக்கும் மருந்து கிடையாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். கலந்து விற்கும் கூலண்ட்டை வாங்குங்கள். அல்லது அடர் கூலண்ட்டை பேட்டரிக்கு ஊற்றும் தூய நீரில், வண்டியின் கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். பேட்டரி ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள்.

வீட்டில் பம்பு மாற்றுவதை நான் தடுக்கவில்லை. பொறுமையும், போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரென்ச்சும் உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் வண்டியில் பம்பு எந்த பெல்ட்டில் ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டஸ்டர் டீசலில் வந்த 1.5 லிட்டர் எஞ்சின்போலச் சிலவற்றில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுழற்றுகிறது. அதில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே டைமிங் தவறும், மேலும் தள்ளினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தகைய வண்டியைத் தயவுசெய்து பட்டறைக்கே கொண்டு வாருங்கள்.

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் போய்விட்டது என்று உங்களுக்குச் சொல்வதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அங்கே சொட்டுகிறது என்று அதை எம்-சீல் வைத்து அடைத்து ஒருவர் கொண்டு வந்தார். தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்து, பம்பு முழுவதும் ஆட்டம் கண்டிருந்தது. அடைக்காதீர்கள்.

பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழும். சிறிய போல்ட்டுகளைக் கைபலத்தில் முறுக்கினால் மரை போகும். கூலண்ட் ஊற்றாமல் "சும்மா ஒரு நிமிடம்" எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள், புது சீல் அங்கேயே கருகும். ஊற்றிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கையேடு சொல்கிறபடி காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். வெப்பம் காட்டும் முள் கீழே இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. சென்சார் இருக்கும் இடத்தில் கூலண்ட்டே இல்லையென்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் இறங்கிக் காட்டலாம். பர்லியாறிலிருந்து வந்த வண்டியிலும் அப்படித்தான். "முள் நடுவைத் தாண்டவே இல்லை அண்ணா" என்றார் வண்டிக்காரர்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுக்கொண்டு திறக்கிறேன் என்பதும் வேண்டாம். நேரமாகிறது, குழந்தை அழுகிறது, எதுவாக இருந்தாலும் மேல் குழாய் கைக்குக் குளிரும்வரை காத்திருங்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்தத் தழும்போடு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இறக்கிய பழைய கூலண்ட்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். அது இனிக்கும். தெருநாய் நக்கும், தவழும் குழந்தை கையை வைத்து வாயில் வைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கக்கூடியது. குடிநீர் பாட்டிலில் பிடித்து வைக்காமல், மூடி இறுகிய கேனில் பெயர் எழுதி, பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.