முதலில் தேதியைப் பாருங்கள்

"எந்த இணையதளமும் திறக்கவில்லை, வைரஸ் புகுந்துவிட்டது" என்று பதறுபவர்களின் கணினியில் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். பழைய கணினி என்றால் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முந்தைய தேதி காட்டும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அந்தத் தொடக்க நாளே இன்னும் வரவில்லை என்று கணினி நினைத்தால், பிரவுசர் எச்சரிக்கத்தானே செய்யும்?

கணினியை அணைத்த பிறகும் அதன் முதன்மைச் சர்க்யூட் பலகையான மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் ஓடுகிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம்தான் அதன் இதயம். சிஆர்2032 என்ற வட்டமான பேட்டரி அதை ஓட்டுகிறது. அது தீர்ந்தால் தேதி பழைய நிலைக்குப் போய்விடும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரியாக வைத்தால் போதும். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை.

கணினி இயங்கத் தொடங்கும்போது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு தானே எண்ணத் தொடங்குகிறது. லினக்ஸின் கணக்கு 1970 ஜனவரி 1இலிருந்து தொடங்குகிறது. விண்டோஸின் கணக்கு 1601இலிருந்து. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விண்டோஸில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் வழக்கமாக மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது; அது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது.

பேட்டரி நன்றாக இருந்தாலும் படிகம் நாளுக்கு ஓரிரு நொடி பிசகும். இணையத்தில் இருக்கும் கணினி, நேர சர்வர்களிடம் சரியான நேரத்தைக் கேட்டறியும் என்டிபி என்ற முறை வழியாக அதைத் திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்தும்போது நேரம் பின்னோக்கியும் நகரலாம். அதனால்தான் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க, பின்வாங்காத தனி எண்ணிக்கை ஒன்றையும் இயங்குதளம் வைத்திருக்கிறது. நிரலாளர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இணையத்தில் சேராத சிசிடிவி ரெக்கார்டர்கள். நிறுவும் நாளில் ஒருமுறை நேரம் வைத்ததோடு சரி, பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சர்வர்களின் நேரத்தை தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சிஇஆர்டி-இன்’ (CERT-In) 2022இல் உத்தரவிட்டது. தெருமுனைக் கடையின் ரெக்கார்டரை யார் கேட்கிறார்கள்?

கடையில் திருட்டு நடந்த பிறகுதான் ரெக்கார்டரின் நேரம் தவறு என்று தெரியவருகிறதா? உடனே திருத்தாதீர்கள். ரெக்கார்டர் காட்டும் நேரமும் செல்பேசியின் நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொண்டு, பதிவை நகலெடுத்த பிறகு நேரத்தைச் சரிசெய்யுங்கள்.