பாலினம், பால்நிலை, பாலியல்: எந்தச் சொல் எதற்கு?

'ஜெண்டர் ஈக்குவாலிட்டி' என்பதைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் பாலின சமத்துவம். இலங்கைத் தமிழில் பால்நிலைச் சமத்துவம். பழைய கட்டுரைகளில் ஆண்-பெண் சமத்துவம். அவ்வப்போது பாலியல் சமத்துவம் என்றும் கண்ணில் படுகிறது.

கடைசியாகச் சொன்னதை முதலிலேயே தள்ளிவிடலாம். உடலுறவு, இச்சை ஆகியவற்றைச் சார்ந்த சொல்லாகப் பாலியல் நிலைத்துவிட்டது. பாலியல் கல்வி, பாலியல் துன்புறுத்தல் என்றெல்லாம் சொல்கிறோம். சம்பளம், பதவி உயர்வு, வீட்டு வேலைப் பங்கீடு பற்றிய பேச்சில் அதைக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். மற்ற மூன்றையும் அப்படி ஒதுக்க முடியாது. அவற்றில் எது எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க, முதலில் ஆங்கிலச் சொல் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஜெண்டர்' என்பதன் மூலம் லத்தீன் மொழியின் 'கெனுஸ்'. வகை, இனம், குலம் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் அதை அதிகம் கையாண்டவர்கள் இலக்கண ஆசிரியர்கள். லத்தீனில் மேசை பெண்பால். ஜெர்மன் மொழியிலோ சிறுமி என்ற சொல்லே பெண்பால் கிடையாது, ஆண்பாலும் கிடையாது, இரண்டிலும் சேராத மூன்றாம் வகை. இந்த மாதிரி விசித்திரங்களை வகைப்படுத்தத்தான் அந்தச் சொல் பயன்பட்டது. மனிதர்களில் ஆணா பெண்ணா என்று கேட்க 'செக்ஸ்' இருந்தது. அதுவும் லத்தீன்தான். வெட்டு, பிரி என்ற பொருளுள்ள வினையோடு அதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

மாற்றம் 1955இல் தொடங்கியது. உளவியலாளர் ஜான் மணி, ஆண் உடல் பெண் உடல் என்று தெளிவாகப் பிரிக்க முடியாமல் பிறந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'ஜெண்டர் ரோல்' என்ற தொடரைக் கையாண்டார். ஒருவரின் உடல் ஒன்றைச் சொல்கிறது, அவர் வளர்ந்து வாழும் விதம் இன்னொன்றைச் சொல்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்பட்டது. 1968இல் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் இந்தப் பிரிவை நூலாகவே எழுதினார். 1972இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி அதை மருத்துவமனையிலிருந்து சமூகத்துக்குக் கொண்டுவந்தார். உடற்கூற்று வேறுபாடு ஒன்று, அந்த வேறுபாட்டைக் காரணம் காட்டிச் சமூகம் பழக்கிவிடும் நடத்தையும் வேலையும் வேறொன்று என்பது அவர் வாதம்.

ஆனால் ஒரு சொல் பரவுவதற்கு எப்போதும் கொள்கை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பின்னாளில் புகழ்பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க், 1970களில் பெண்களுக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். அவருடைய மனுக்களைத் தட்டச்சு செய்த செயலாளர், பக்கத்துக்குப் பக்கம் 'செக்ஸ்' என்று வருகிறதே, படிக்கிற நீதிபதிகளுக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் வழக்கா ஞாபகம் வரும் என்று கேட்டாராம். இலக்கணப் புத்தகத்துச் சொல்லான 'ஜெண்டர்' போடலாமே என்ற யோசனையும் அவருடையதே. கின்ஸ்பர்க்கே பல மேடைகளில் சொன்ன கதை இது.

1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா.வின் நான்காவது உலகப் பெண்கள் மாநாட்டுக்கு முன்பு இந்த ஒற்றைச் சொல்லே தகராறானது. ஆண், பெண் என்ற இரண்டுக்கு அப்பால் எதையாவது இது உள்ளே கொண்டுவந்துவிடுமோ என்று சில நாடுகள் அஞ்சின. பொருளை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். வழக்கமாக, பொதுவாக ஏற்கப்பட்ட பொருளிலேயே இந்தச் சொல் பயன்படுத்தப்படுகிறது என்று குழு அறிவித்தது. அந்த வழக்கமான பொருள் எது என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். நம்முடைய 'பால்' என்பதும் இலக்கணச் சொல்தான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே 'ஆடூஉ அறிசொல் மகடூஉ அறிசொல் பல்லோர் அறியும் சொல்' என்று உயர்திணையை மூன்று பாலாகப் பிரிக்கிறது. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால். இந்த ஐந்தில் ஆண், பெண் வேறுபாட்டைச் சொல்பவை இரண்டே. மற்றவை ஒன்றா பலவா என்ற எண்ணிக்கையைப் பார்க்கின்றன. ஆகவே பால் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் ஆண்மையும் பெண்மையும் அல்ல, பிரிவு. பகு என்ற வேரோடு பகுதி, பகல், பங்கு, பால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அறத்துப்பால், பொருட்பால் என்று நூலைப் பிரிப்பதும் இதே சொல்தான். குடிக்கிற பால் வேறு.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சுவையாக இருக்கிறது. புறநானூற்றின் 183ஆம் பாட்டில் 'வேற்றுமை தெரிந்த நாற்பால் உள்ளும், கீழ்ப்பால் ஒருவன் கற்பின், மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே' என்று வருகிறது. இங்கே பால் என்பது சமூகப் படிநிலை. மேலே இருப்பவன், கீழே இருப்பவன். கல்வி வந்தால் அந்தப் படி கலைந்துபோகும் என்கிறது பாட்டு. தொல்காப்பியத்திலேயே 'பால்வரை தெய்வம்' என்றும் ஒன்று உண்டு. இன்னாருக்கு இன்னது என்று வகுத்துவிடும் ஊழைக் குறிக்கும் தொடர்.

ஆக, பால் என்பதற்குப் பிரிவு, பக்கம், படி, விதித்த பங்கு என்று இத்தனை பொருள். ஓக்லியின் தலைமுறை ஒரு பழைய இலக்கணச் சொல்லுக்குள் பாடுபட்டு ஏற்றிய பொருள் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. யாருக்கு அடுப்படி, யாருக்கு அலுவலகம், யாருக்குச் சம்பளம், யாருக்குச் சம்பளமில்லாத வேலை என்று வகுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தானே அவர்கள் ஜெண்டர் என்றார்கள்? பால் என்ற சொல்லைத் தமிழ் இலக்கணத்திலிருந்து எடுத்தது சரியான தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் அதன் பின்னால் ஒட்டிய 'இனம்' என்பதில் இருக்கிறது. மனித இனம், பறவையினம் என்று சொல்லும்போது பிறவியிலேயே வருவதை, மாற்ற முடியாததைச் சொல்கிறோம். கெனுஸ் என்பதற்கு இனம் நேர்ச்சொல்தான். ஆனால் அது லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு, 1955க்குப் பிறகு சேர்ந்த பொருளைக் கைவிட்டுவிடுகிறது. 'நிலை' அப்படியில்லை. நிலை மாறும். நிலைமை, படிநிலை, நிலைப்பாடு எல்லாம் மனிதர்கள் இருக்கும் இடத்தைச் சொல்பவை. அந்த விதத்தில் பால்நிலை என்ற இலங்கை வழக்கு ஒரு படி மேல். பாலினத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. படிவங்களிலும் பாடப்புத்தகங்களிலும் அது ஊன்றிவிட்டது. பாலினம் என்று எழுதினால் சமூகம் வகுத்ததையும் சேர்த்தே சொல்கிறோம் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும். உடற்கூற்றை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் பால் என்றே எழுதலாம். ஆண் உடல் பெண் உடல் என்று தெளிவாகப் பிரிக்க முடியாமல் பிறப்பதைச் சொல்லும் 'இன்டர்செக்ஸ்' என்பதற்கு ஊடுபால் என்ற சொல் வந்திருப்பது இந்த முறைக்கு அழகாகப் பொருந்துகிறது.

இந்தப் பிரிவு அகராதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். குழந்தை பெறுவது பால் சார்ந்தது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்பது பால்நிலை சார்ந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால், இரண்டாவதும் இயற்கையின் ஏற்பாடு போலத் தெரிய ஆரம்பித்துவிடும். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியது இதைத்தான். வருமானம் மிகுந்த நாடுகளில் இன்று ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி, வேறு வேறு தொழில் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இல்லை. ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு இடையிலேயே இருக்கிறது. முதல் குழந்தை பிறந்த பிறகு அது விரிகிறது. எந்நேரமும் கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய வேலைக்குக் கூடுதல் சம்பளம். நேரத்தை வளைத்துக்கொள்ளக்கூடிய வேலைக்குக் குறைவு. வீட்டில் ஒருவர் முதலாவதை எடுத்தால் மற்றவர் இரண்டாவதைத்தான் எடுக்க முடியும், அந்த மற்றவர் பெரும்பாலும் மனைவி. பிரசவத்துக்கு உடம்பு கேட்பது சில மாத ஓய்வு. சம்பளத்தில் விழும் அடி பல வருடம் நீள்கிறது. அந்த நீளத்துக்கு உடம்பு பொறுப்பில்லை. நேர்காணலில் 'கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா' என்ற கேள்வி பெண்ணிடம் மட்டும் போவதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான்.

இனி 'சமத்துவம்'. வடமொழி ஈற்றோடு வந்த சொல். சமன்மை, நிகர்மை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சமன் என்பது குறளுக்கே பழக்கமான சொல் என்பதால் சமன்மை எனக்கு உறுத்துவதில்லை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி.' நடுவு நிலைமை அதிகாரத்தின் எட்டாவது குறள். சமன், பால் இரண்டும் ஒரே குறளில் இருக்கின்றன. பால் இங்கே பக்கம் என்ற பொருளில் வருகிறது, ஆண் பெண் பற்றிய பேச்சே கிடையாது. ஆனாலும் பால் சமன்மை என்று எழுதினால் அதைத் தமிழ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

'ஈக்குவிட்டி' வேறு. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம் என்றால், அவரவர் தொடங்கிய இடத்தைப் பார்த்துத் தேவைக்கேற்பக் கொடுப்பது இது. சமநீதி என்பது கிட்டத்தட்ட சரி.

சமத்துவம் என்ற பேச்சில் ஒரு முழக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் கொண்டுவந்த நூறாவது உடன்படிக்கை சொல்வது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். 'மதிப்புள்ள' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் எவ்வளவு போகும் என்பதற்கு இங்கிலாந்தின் டாகன்ஹாம் கார் தொழிற்சாலைச் சம்பவம் நல்ல சாட்சி. அங்கே கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள் 1968 ஜூனில் வேலையை நிறுத்தினார்கள். இருக்கை இல்லாமல் கார் வெளியே போகுமா? உற்பத்தி நின்றது. அவர்கள் முதன்மையாகக் கேட்டது தங்கள் வேலையைத் திறன் வேலை என்று ஏற்று உயர்ந்த தரத்தில் சேர்க்க வேண்டும் என்பது. பேச்சுவார்த்தையில் கூலி ஏறியது. 1970இல் சம ஊதியச் சட்டம் வரவும் அந்தப் போராட்டம் ஒரு காரணமானது. அவர்கள் கேட்ட தர உயர்வு மட்டும் 1984இல், மறுபடி ஒரு வேலைநிறுத்தம் செய்த பிறகே கிடைத்தது. ஆணும் பெண்ணும் அதே வேலையைச் செய்தால்தான் சம வேலைக் கணக்கு எடுபடும். பெண்கள் மட்டுமே செய்யும் வேலையின் மதிப்பை யார் அளப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

மொழியளவில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. 'சேர்மன்' என்பதை மாற்ற ஆங்கிலம் பெரும்பாடு பட்டது. நமக்குத் தலைவர், ஓட்டுநர், அமைச்சர் என்று பலர்பால் ஈறு மரியாதை ஈறாக ஏற்கெனவே இருக்கிறது, இருவருக்கும் செல்லும். ஆனால் வசதி இருந்தும் வழக்கம் அதை மீறிவிடுகிறது. பெண் மருத்துவர், பெண் ஓட்டுநர் என்று எழுதுகிறோம். ஆண் மருத்துவர் என்று யாரும் எழுதுவதில்லை. ஆண் செவிலியர் என்று மட்டும் எழுதுவார்கள். எந்த வேலையை யாருக்குப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம் என்று அந்த அடைமொழி காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொரு இணை. குடும்பத் தலைவர் என்றால் குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போடுபவர், முடிவெடுப்பவர் என்று புரிந்துகொள்கிறோம். குடும்பத் தலைவி என்றால் வேலைக்குப் போகாமல் வீட்டைக் கவனிப்பவர் என்று பொருள் வந்துவிடுகிறது. பால் ஈறு மட்டுமே மாற வேண்டிய இடத்தில் பதவியே மாறிப்போகிறது. சம்பாதித்து வீட்டை நடத்தும் பெண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது? குடும்பத் தலைவர் என்றே எழுதலாம். இலக்கணத்தில் ஒரு தடையும் இல்லை, அது பலர்பால் ஈறுதான்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வரி: இனம் என்பதன் மகரம் கெட்டு வல்லினம் வருவதால் பாலினச் சமத்துவம் என்று ஒற்று மிகுவதே விதி. நாளிதழ்கள் ஒற்றில்லாமல் அச்சிடுகின்றன, படிப்பவருக்குத் தடையொன்றும் இல்லை. பால்நிலைச் சமத்துவம் என்பதிலும் அதே இடத்தில் ஒற்று வரும்.