அம்மா டை அடிப்பதை நிறுத்திவிட்டார், பயப்பட வேண்டுமா?

வயதானவர் ஊருக்காகச் செய்துவந்த காரியங்களை விட்டுவிட்டால், வீட்டில் உடனே எழும் சந்தேகம் டிப்ரஷன். மனநல மருத்துவராக இதை அடிக்கடி பார்க்கிறேன். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மகள் தன் அம்மாவை அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதற்குக் கீழே பழைய டையின் கறுப்பு.

"ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டா வர்றதில்ல டாக்டர். சொந்தக்காரங்க எல்லாம் கேக்கறாங்க."

"பொண்ணு மாப்பிள்ளை யாருன்னே தெரியாது. மொய்க் கவரோட மேடைக்கு கீழ எவ்வளவு நேரம் நிக்கறது?" என்றார் அம்மா.

தூக்கம், பசி எல்லாம் சரி. சாயங்காலம் இரண்டு தோழிகளோடு பனகல் பார்க்கில் நடை. இதற்கு மாத்திரை எதற்கு?

ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இனி இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று தோன்றும்போது மனம் நெருக்கமானவர்களைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுகிறது என்கிறார். வயது மட்டுமே காரணமில்லை. 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் கைமாறவிருந்த மாதங்களில், அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே பழகிய முகங்களைத்தான் தேடினார்கள். அம்மா தன் நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகள் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாரையும் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். ஊருக்காகச் செய்ததை விடுவது வேறு, தனக்குப் பிடித்ததையே விடுவது வேறு. மார்கழி வந்தால் சபா சபாவாகக் கச்சேரி கேட்டவர், இந்த வருடம் எங்கும் போகவில்லை. காலையில் வந்த பேப்பர் ராத்திரி வரை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. சாப்பாடு பாதியில் நிற்கிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டிப்ரஷனாக இருக்கலாம், சிகிச்சையில் குணமாகும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. நிதானமாகப் பேசிவந்தவர் சில மாதங்களில் அந்நியர்களிடம் அசிங்கமாகப் பேசுகிறார், குளிக்க மறுக்கிறார், இனிப்பை அள்ளி அள்ளித் தின்கிறார், பக்கத்தில் ஒருவர் அழுதாலும் கண்டுகொள்வதில்லை. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற மூளை நோய் இப்படித் தொடங்கலாம். பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் வரும். ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருப்பதால் வீட்டில் திமிர் என்று திட்டுவார்கள். பாவம், அவர் கையில் அது இல்லை.

சந்தேகம் வந்தால், எப்போதிலிருந்து மாற்றம், எதையெல்லாம் விட்டார், புதிதாக என்ன செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மனநல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் காட்டலாம். முதலில் போனில் பேச விரும்பினால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.