விழித்திருக்கும்போதே தூங்கும் மூளை

தூக்கம் வந்தால் மூளை மொத்தமும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நெடுநேரம் கண்விழித்தவரின் மூளையில் நடப்பது வேறு. கண் திறந்திருக்கும், பேச்சும் வரும். ஆனால் உள்ளே நரம்பணுக்களின் சிறு சிறு கூட்டங்கள் மட்டும் தனித்தனியாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜூலியோ டொனோனியின் குழு இதை எலிகளிடம் கண்டு 2011இல் வெளியிட்டது. எலிகள் தூங்க வேண்டிய நேரத்தில் புதுப்புதுப் பொருள்களைக் கொடுத்து 4 மணி நேரம் விழிக்க வைத்தார்கள். அவை சுறுசுறுப்பாகவே இருந்தன. மூளை அலைப் பதிவும் விழிப்பு என்றே காட்டியது. ஆனால் மூளைப் புறணியில் பதித்திருந்த நுண்ணிய மின்முனைகளில், சில நரம்பணுக்கள் ஒரு கணம் முற்றாக அடங்கிப்போவது பதிவானது. ஆழ்ந்த தூக்கத்தில் நடப்பது போன்ற அடக்கம் அது. சர்க்கரை உருண்டையை எட்டி எடுக்கப் பழகிய எலிக்கு, அந்த வேலைக்குரிய பகுதியில் இப்படி நடந்தால் பிடி தவறியது.

மனிதர்களிடமும் ஏறக்குறைய இதையே 2017இல் கண்டார்கள். வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிய, அறுவை சிகிச்சைக்கு முன் மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டிருந்த 12 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு படத்தைக் காட்டினால் அது என்ன வகை என்று உடனே சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டபின் அவர்கள் தடுமாறிய தருணங்களில், நரம்பணுக்களின் எதிர்வினை பலமிழந்து, தாமதமாக வந்தது. சாலையை ஒருவர் கடக்கிறார், ஓட்டுநரின் கண்ணில் அவர் பட்டுவிட்டார், ஆனால் மூளைக்கு அது உறைக்க நேரமாகிறது. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த அசதிக்கு ஒரு முக்கியக் காரணம் அடினோசின் என்ற வேதிப்பொருள். மூளை ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க இது சேரும். நரம்பணுக்களில் இதற்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் வேகத்தைக் குறைக்கும். தூங்கினால் அடினோசின் குறையும். அப்படியானால் காபி? காஃபின் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடினோசின் எங்கும் போய்விடாது. காஃபின் விலகியதும் அசதி திரும்ப வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து, 2003இல் வெளியான ஆய்வு. ஆரோக்கியமான 48 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்தவர்களுக்குக் கவனச் சிதறல் நாளுக்கு நாள் கூடியது. இரண்டு வாரத்தில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவருக்கு இணையான நிலைக்கு வந்துவிட்டார்கள். 4 மணி நேரக் குழுவின் நிலை இன்னும் மோசம். ஆனால் ‘எவ்வளவு தூக்கம் வருகிறது?’ என்று கேட்டால், முதல் சில நாள்களுக்குப் பிறகு அவர்களது பதில் பெரிதாக மாறவில்லை. ‘பழகிவிட்டது’ என்று நாம் சொல்வதும் இதைத்தான். பழகுவது அசதி மட்டும்தான். கவனம் சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவைக் கவனித்துச் சொல்ல வேண்டியதும் தூக்கம் கெட்ட அதே மூளைதானே.

கோபமும் அழுகையும் சுலபமாக வருவது தனிக்கதை. சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனதை உலுக்கும் படங்களைக் காட்டியபோது, உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கிவைக்கும், மூளையின் முன்பகுதியுடன் அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தூக்கமின்மையை மதுவோடு ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒருங்கிணைப்பு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்தது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு அது இரவு 11 மணி, அவ்வளவுதான். இந்தியாவில் 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினாலே குற்றம்.

மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது, தூக்கத்துக்கு இல்லை. அதனால் இரவுப் பேருந்து கிளம்பும் முன் ஓட்டுநரிடம், ‘ஓட்டிடுவீங்களா அண்ணே?’ என்று கேட்டுப் பயனில்லை. அவர் உண்மையாகவே முடியும் என்று நம்பித்தான் தலையாட்டுவார். கடைசியாக எப்போது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்டு, அந்தக் கணக்கை வைத்து வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்று நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.